தில்லி தள்ளிவிடும் டீசல் கார். தாராவி சுமக்கும் செலவு

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

மும்பை தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், தோல் பைகள் தைக்கும் பட்டறையின் வாசலில், தில்லிப் பதிவெண் கொண்ட டீசல் செடான் கார் ஒன்று 2025-ஆம் ஆண்டு மழைக்காலத்திலிருந்து நகராமல் நிற்கிறது. பட்டறைக்காரர் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து இளம் வயதில் மும்பைக்கு வந்தவர். தில்லியில் நாடாளுமன்றச் செய்திகளை எழுதிக் கொண்டிருக்கும் இந்தச் செய்தியாளருக்கு நெடுநாள் பழக்கமானவர். அண்மையில் மும்பை சென்றிருந்தபோது அவர் காரைக் காட்டிச் சொன்னார்: "விலை கம்மினு வாங்கிட்டேன், அண்ணாச்சி. இப்ப இதை ரோட்டுல இறக்கணும்னா கார் விலையில பாதி ஆகும்போல இருக்கு."

2016-ஆம் ஆண்டு பதிவான கார் அது. 2025 ஜூலை முதல் வாரத்தில், தரகர் ஒருவர் மூலம், மும்பைச் சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைந்த தொகைக்கு அவர் கைக்கு வந்தது. அந்த வாரத்தில் தில்லியில் என்ன நடந்தது என்பது நினைவில் இருப்பவர்களுக்கு, விலை ஏன் குறைந்தது என்பது உடனே விளங்கிவிடும்.

பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் எரிபொருள் வழங்கக் கூடாது என்ற உத்தரவு 2025 ஜூலை 1 அன்று தலைநகரில் அமலுக்கு வந்தது. பெட்ரோல் பங்க்குகளில் கேமராக்கள் பொருத்தப்பட்டன, போலீஸார் நிறுத்தப்பட்டனர். எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களிலேயே உத்தரவு தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று, இத்தகைய வாகனங்களின் உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. டிசம்பர் 17 அன்று அதே நீதிமன்றம், இந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய வாகனங்களுக்கு மட்டுமே என்று தன் உத்தரவைத் திருத்தியது. ஆறு மாதங்களுக்குள் மூன்று நிலைப்பாடுகள். இதற்கிடையே, பத்தாம் ஆண்டை நெருங்கிக் கொண்டிருந்த காரை வைத்திருந்த தில்லிக்காரர் பயந்து கிடைத்த விலைக்கு விற்றார். அந்தப் பயத்தைத்தான் தாராவி பட்டறைக்காரர் மலிவு என்று எண்ணி வாங்கினார்.

பழைய டீசல் கார் வாங்குவது தனிமனிதரின் வீட்டுக் கணக்கு, அதற்கும் நாடாளுமன்றத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். இந்தக் காரின் நீளம், என்ஜினின் அளவு, அது குடிக்கும் எரிபொருளின் விலை, அதன் ஆயுள் என அனைத்துமே தில்லியில் முடிவானவை. அந்தக் கதையைச் சற்றே பின்னோக்கிச் சென்று பார்ப்பது நல்லது.

நிதிநிலை அறிக்கை வெட்டிய டிக்கி

2006 பிப்ரவரி 28 அன்று நிதியமைச்சர் ப. சிதம்பரம் மக்களவையில் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில், சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறிய கார் என்பதற்கு ஓர் இலக்கணமும் வகுக்கப்பட்டது: நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும், பெட்ரோல் என்ஜின் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. வரை இருக்கலாம்.

இரண்டே ஆண்டுகளில், 2008 ஜனவரியில், டாடா நிறுவனம் இண்டிகோ காரின் பின்பகுதியைக் குறைத்து 'இண்டிகோ சி.எஸ்.' என்று வெளியிட்டது. 2008-இல் நான்கு மீட்டருக்கு மேல் நீளம் கொண்டு வந்த மாருதி டிசையர், 2012 பிப்ரவரியில் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கி மீண்டும் வந்தது. டிக்கி ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கிறது என்று கேட்பவர்கள் அந்த வரி விதியைத்தான் பார்க்க வேண்டும். பெட்ரோலைவிட 300 சி.சி. கூடுதலாக டீசலுக்கு அனுமதித்த அந்த வரிதான், நடுத்தரக் குடும்பத்தை டீசல் செடான் பக்கம் திருப்பிய முதல் கை என்பது என் கருத்து.

இரண்டாவது கை இன்னும் வலியது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது, டீசலுக்கு நீக்கப்படவில்லை. 2012 மே மாத இறுதியில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய்க்கும் கீழே. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! விவசாயியின் பம்ப் செட்டுக்கும் லாரிக்கும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட மானியத்தில் கார்கள் ஓடின. டீசல் கார்கள் மீது 80,000 ரூபாய் கூடுதல் வரி விதிக்கலாம் என்று கிரீத் பாரிக் தலைமையிலான நிபுணர் குழு 2010-இலேயே பரிந்துரைத்திருந்தது. அது நிறைவேறவில்லை. 2012-13-இல் விற்ற பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் டீசல்.

பிறகு காற்று திசை மாறியது. 2013 ஜனவரி முதல் டீசல் விலை மாதந்தோறும் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டது. 2014 அக்டோபர் 18 அன்று கட்டுப்பாடு அடியோடு நீக்கப்பட்டது. 2015 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்கள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்றது. 2018 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.-6 விதிகள் வந்தபோது மாருதி டீசல் என்ஜினையே கைவிட்டது. 2023-இல் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா ஆகியவற்றின் டீசல் வகைகளும் நின்று போயின. அரசு அழைத்து வந்த விருந்தாளி, பத்தே ஆண்டுகளில் வேண்டாதவராகி விட்டார். அழைத்தபோது வந்த முதல் உரிமையாளர் அனுபவித்துவிட்டு விற்றுவிட்டார். இப்போது கையில் வைத்திருப்பவர் மூன்றாவது, நான்காவது உரிமையாளர். பெரும்பாலும் வசதி குறைந்தவர்.

ஊருக்குப் போகும் கார்

மும்பைத் தமிழர்கள் டீசல் செடானை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பமானாலும், செம்பூரில் ஓய்வூதியத்தில் வாழ்பவரானாலும், தாராவியில் இட்லிக் கடை நடத்துபவரானாலும், ஆண்டுக்கொரு முறை ஊர் போக வேண்டும். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு ஏதாவது ஒன்று வந்துவிடும். ரயிலில் முன்பதிவு கிடைப்பது அரிது. குடும்பத்தோடு காரில் புறப்பட்டு, புணே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி சேர்ந்தால் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். அந்த நெடுஞ்சாலையில் டீசல் என்ஜின் தன் முழுத் திறனைக் காட்டும். ஐந்து பேரும் பெட்டிகளும் இருந்தாலும் மேட்டில் திணறாது.

ஆனால் ஆண்டில் மற்ற பதினொரு மாதங்களும் அந்தக் கார் ஓடுவது தாராவிக்கும் சயானுக்கும் இடையே, அல்லது செம்பூரிலிருந்து மாட்டுங்கா சந்தைக்கு. 2024 ஆகஸ்டில் சயான் ரயில்வே மேம்பாலம் மறுகட்டுமானத்துக்காக மூடப்பட்டபின் அந்தப் பக்கத்துப் போக்குவரத்து எப்படி ஆனது என்பதை அங்கு வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் கியர், இரண்டாம் கியர், நிறுத்தம். என்ஜின் உரிய வெப்பத்தை எட்டும் முன்பே வீடு வந்துவிடும்.

இதுதான் டீசல் என்ஜினுக்கு ஆகாத ஓட்டம். புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பி நச்சு வாயுவைக் குறைக்கும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அப்பிக் கொள்ளும். இழுவை குறையும்; கறுப்புப் புகை வரும். பி.எஸ்.-6 கார் என்றால் சைலன்சர் பக்கத்தில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்து கொள்ள நெடுஞ்சாலை வேகம் வேண்டும். நகரத்திலேயே ஓடினால் அடைத்துக் கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். நெரிசலில் ஓயாமல் மிதிப்பதால் கிளட்ச் தேயும். சில மாடல்களில் கிளட்ச்சோடு இரட்டை நிறை ஃப்ளைவீலையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். பெட்ரோல் கார்க்காரர் கேள்விப்படாத செலவு அது.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியவை இன்ஜெக்டரும் டர்போவும். இன்றைய டீசல் என்ஜின்கள் ஆயிரம் மடங்குக்கும் அதிகமான வளிமண்டல அழுத்தத்தில், முடியளவு துளை வழியே எரிபொருளைத் தெளிப்பவை. டீசலில் சிறிது தண்ணீரோ தூசியோ கலந்திருந்தாலும், வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாமல் விட்டிருந்தாலும் இன்ஜெக்டர் கெடும். கலப்பட டீசல் ஊற்றி ஓட்டிய முந்தைய உரிமையாளரின் சிக்கனத்துக்கு அடுத்தவர் பணம் கட்டுகிறார். டர்போ, எண்ணெயின் தயவில் சுழல்வது. எண்ணெய் மாற்றும் கெடுவைத் தள்ளிப் போட்டவர் கையில் அது நிலைக்காது. புதிய இன்ஜெக்டர்கள் நான்கு, அல்லது புதிய டர்போ ஒன்று என்றாலே செலவு ஐந்திலக்கத்தில்தான். பழுது பார்த்துப் போட்டால் குறையும். எத்தனை நாள் வரும் என்பது பார்ப்பவரின் கைத்திறனைப் பொறுத்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு நகரத்தில் 5,000 கிலோமீட்டர், ஊருக்குப் போய்வர 3,200 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். 2025-இல் மும்பையில் பெட்ரோல் சுமார் 103 ரூபாய் 50 காசு. டீசல் சுமார் 90 ரூபாய். பெட்ரோல் செடான் நகரத்தில் 12, நெடுஞ்சாலையில் 16 கிலோமீட்டர் தந்தால் ஆண்டுச் செலவு ஏறக்குறைய 64,000 ரூபாய். டீசல் செடான் நகரத்தில் 15, நெடுஞ்சாலையில் 20 தந்தால் ஏறக்குறைய 44,500 ரூபாய். மிச்சம் சுமார் 19,500 ரூபாய். ஒரு முறை டர்போவும் இன்ஜெக்டர்களும் சேர்ந்து கெட்டால் மூன்று, நான்கு ஆண்டு மிச்சம் ஒரே ரசீதில் போய்விடும். 32 ரூபாய் வித்தியாசம் இருந்த காலத்தில் சரியாக இருந்த கணக்கு, 13 ரூபாய் வித்தியாசத்தில் சரியாக வராது. பழைய நினைப்பிலேயே இன்றும் பலர் டீசல் வாங்குகிறார்கள்.

எல்லா டீசல் செடானும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மாருதி டிசையர், டாடா இண்டிகோ மான்ஸா, ஃபியட் லீனியா எனப் பல கார்களில் இருந்தது ஃபியட் வடிவமைத்த அதே 1,248 சி.சி. என்ஜின்தான். மானேசரிலும் புணே அருகே ரஞ்சன்காவிலும் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில் அதன் பாகம் கேட்டால் கடைக்காரர் யோசிக்க மாட்டார். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு இங்கு உற்பத்தியைக் கைவிடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அந்நிறுவனங்களின் கார்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐரோப்பியக் கார்களின் தானியங்கி கியர் பெட்டி பழுதானால் அதை மாற்றும் செலவில் வேறொரு பழைய காரே வாங்கிவிடலாம் என்று செம்பூர் மெக்கானிக் ஒருவர் சொன்னார். மிகையாகச் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.

காப்பீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2022 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணப்படி, 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு 3,416 ரூபாய்; 1,500 சி.சி.யைத் தாண்டினால் 7,897 ரூபாய். 1.6 லிட்டர் டீசல் என்ஜின் கொண்ட செடானை வாங்குபவர், நூறு சி.சி. வித்தியாசத்துக்காக ஆண்டுதோறும் இரு மடங்குக்கு மேல் கட்ட நேரும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் மும்பைக் கார் பற்றி எழுத முடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் அதில் பாதி மழைக்கே முழங்காலளவு நீரில் நிற்பவை. காற்று உறிஞ்சும் குழாய் வழியே தண்ணீர் என்ஜினுக்குள் ஏறினால், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசலில் அழுத்தம் அதிகம் என்பதால் சேதமும் அதிகம். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருந்தாலொழிய, இதற்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுப்பதே வழக்கம். தாராவி நண்பரின் கார் நின்று போனதும் இப்படித்தான். செப்டம்பர் மழையில், தேங்கிய நீரில், நின்ற காரை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளித்தான் கொண்டுவர வேண்டும் என்பதை விற்ற தரகர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கியிருப்பாரா என்பது வேறு.

காகிதத்தில் நிற்கும் கார்

என்ஜினைவிடக் கடினமான சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வாகனம் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் இருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு முதலில் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். மகாராஷ்டிரத்தில் ஒரு முறை வரி கட்ட வேண்டும். இந்த வரி பெட்ரோல் காரைவிட டீசல் காருக்கு அதிகம். தில்லியில் முன்பே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பப் பெற, தில்லியில் விண்ணப்பிக்க வேண்டும். தாராவியில் இருப்பவர் அதற்காக எத்தனை முறை ரயிலேறுவார்?

நண்பரிடம் இருந்த தடையில்லாச் சான்றை வாங்கிப் பார்த்தேன். அதில் குறிப்பிட்டிருந்த ஆர்.டி.ஓ. மும்பையில் இல்லை, மகாராஷ்டிரத்திலேயே இல்லை. வேறொரு மாநிலத்து ஊருக்கென எடுத்த சான்றை வைத்துக் கொண்டு தரகர் காரை மும்பையில் விற்றிருக்கிறார். வாங்கும்போது யாரும் இதைப் படித்துப் பார்ப்பதில்லை. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

பெயர் மாற்றம் ஆகாத கார் விற்றவரையும் விடாது. ஒரு விபத்து வழக்கில், பல கை மாறிய காருக்கு ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றுவிட்டோம் என்று தில்லியில் நிம்மதியாக இருப்பவருக்கு, தாராவியில் நடக்கும் விபத்துக்கு நோட்டீஸ் போகும்.

இடையில் நிற்கும் தரகரைப் பொறுப்பாக்க மத்திய அரசு ஒரு நல்ல விதியைக் கொண்டு வந்தது. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலான அந்த விதிப்படி, பழைய கார் வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். கார் அவர் கைக்கு வந்த தகவலை இணையத்தில் பதிந்தால், விற்கும் வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். விதி இருக்கிறது. சாலையோரத்தில் பத்துக் கார்களை நிறுத்தி விற்பவரிடம் அங்கீகாரச் சான்று எங்கே என்று கேட்டுப் பாருங்கள். நம்மைத்தான் விநோதமாகப் பார்ப்பார். இதில் இன்னொரு முரண். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய கார் வியாபாரியின் லாபத்தின் மீதான வரியை 18 சதவீதமாக ஒன்றாக்கியது. பதிவு பெற்றுச் சட்டப்படி நடக்கும் வியாபாரி அந்த வரியைக் கட்டுகிறார். காகிதமே இல்லாத தரகர் கட்டுவதில்லை. ஆகவே அவரிடம்தான் கார் மலிவு.

ஆயுளை யார் குறிப்பது?

டீசல் புகைக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் அறிவித்தது. இதை எவரைக் காட்டிலும் நன்கறிந்தவர்கள் செம்பூர்க்காரர்கள். மாஹுலில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1950-களிலிருந்து இயங்குகின்றன. உர ஆலையும் பக்கத்தில் இருக்கிறது. டீசல் வடிக்கப்படும்போதும் எரிக்கப்படும்போதும் அதன் காற்றைச் சுவாசிப்பவர்கள் அவர்கள். தில்லியின் குழந்தைகளுக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. தில்லிக்கு ஆகாத புகை தாராவிக் குழந்தைக்கு மட்டும் எப்படி ஆகும் என்பதே கேள்வி.

வயதை வைத்து ஒரு நகரத்தில் மட்டும் தடுத்தால், கார் அழிவதில்லை, இடம் மாறுகிறது. நன்றாகப் பராமரித்த பத்தாண்டு கார் தில்லியில் குற்றவாளி. இன்ஜெக்டர் கெட்டுக் கரும்புகை கக்கும் ஆறாண்டு கார் நிரபராதி. புகைச் சான்றிதழோ, டீசல் காரை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, புகையின் அடர்த்தியை மட்டும் அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதே இல்லை. ஃபோக்ஸ்வேகன் குழுமம் இந்தியாவில் 2015 டிசம்பரில் 3.23 லட்சம் டீசல் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது இந்த வாயு தொடர்பான மோசடியால்தான். அந்தக் கார்கள் நம் புகைச் சோதனை நிலையங்களில் ஒருபோதும் சிக்கியிருக்க மாட்டா.

வாகனத்தின் ஆயுளை நிர்ணயிக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 59-ஆவது பிரிவில் நாடாளுமன்றம் அதைத் தெளிவாகவே மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. வெவ்வேறு வகை வாகனங்களுக்கு வெவ்வேறு வயது வரம்பு வைக்கவும் அதில் இடமுண்டு. பத்தாண்டு வரம்போ அந்தப் பிரிவிலிருந்து வரவில்லை, தீர்ப்பாயத்திலிருந்து வந்தது. சட்டத்தின் 41-ஆவது பிரிவு தனியார் காருக்குப் பதினைந்து ஆண்டுப் பதிவு தருகிறது. அமைச்சர் நிதின் கட்கரி 2021 மார்ச் 18 அன்று மக்களவையில் விளக்கிய வாகனக் கழிவுக் கொள்கை, தகுதிச் சோதனையை அளவுகோலாக வைக்கிறது. ஒரே நாட்டில், ஒரே காருக்கு, மூன்று அளவுகோல்கள். இதைப் பற்றி இரு அவைகளிலும் கேள்வி நேரத்தில் அவ்வப்போது எழுந்து அடங்கும் குரல்களைத் தவிர, முழுமையான விவாதம் நடந்து இந்தச் செய்தியாளர் மாடத்திலிருந்து பார்த்ததில்லை.

மும்பைக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது என்பதால்தான் இதை இப்போது எழுத நேர்ந்தது. காற்று மாசு பற்றித் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், 2025 ஜனவரி 9 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், பெட்ரோல், டீசல் வாகனங்களைப் படிப்படியாக விலக்குவது பற்றி ஆராயச் சொன்னது. ஜனவரி 22 அன்று மகாராஷ்டிர அரசு, ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சுதீர் குமார் ஸ்ரீவாஸ்தவா தலைமையில் எழுவர் குழுவை அமைத்தது. தாணே, ராய்கட், பால்கர் மாவட்டங்கள் அடங்கிய மும்பைப் பெருநகர்ப் பகுதி முழுவதும் அதன் ஆய்வுக்கு உட்பட்டது. தில்லியைப் பார்த்து மும்பையும் வயதைக் கையிலெடுத்தால், இன்று தில்லிக் காரை வாங்கியவர் நாளை அதை எங்கே தள்ளுவார்? நாகப்பட்டினத்துக்கா, நான்குநேரிக்கா?

மும்பைக்கு இதில் நல்ல முன்னனுபவம் இருக்கிறது. 1999-இல் புகையால் பாதிக்கப்பட்ட குடியிருப்போர் தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் வி.எம். லால் குழுவை அமைக்கச் செய்தது. அதன் தொடர்ச்சியாக டாக்சிகள் சி.என்.ஜி.க்கு மாறின. மாற்று எரிபொருளும் அதை நிரப்ப பங்க்குகளும் படிப்படியாக வந்தன. பிரீமியர் பத்மினி டாக்சி கடைசியாக விடைபெற்றது 2023 அக்டோபரில்தான். ஓட்டுநர்களுக்குச் சிரமம் இல்லாமலில்லை. எனினும் பிழைப்பு போகாமல் வண்டி மாறியது.

அரசு செய்ய வேண்டியது கடினமானதல்ல. 59-ஆவது பிரிவின்கீழ் நாடு முழுவதற்கும் ஒரே கொள்கையை அவையில் வைத்து விவாதிக்க வேண்டும். வயதைவிடப் புகையை அளவுகோலாக்க வேண்டும். அதற்கு முன், புகைச் சோதனையை உண்மையானதாக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குச் செல்லும் பழைய காருக்குத் தடையில்லாச் சான்று தரும்போதே தானியங்கிச் சோதனை நிலையத்தின் அறிக்கையையும் சேர்த்துத் தரலாம். சர்வீஸ் நிலையங்கள் காரின் கிலோமீட்டர் ஓட்டத்தை ஒவ்வொரு முறையும் வாகன் தளத்தில் பதிய வேண்டும் என்றால், மீட்டரைத் திருப்பி வைக்கும் வித்தை பெருமளவு ஒழியும். கழிவுக்குக் கொடுப்பவருக்குப் புதிய தனியார் கார் மீதான வரியில் 25 சதவீதம் வரை சலுகை என்கிறது 2021-ஆம் ஆண்டு விதி. நான்காவது கையாகப் பழைய கார் வாங்கியவர் புதிய காரா வாங்கப் போகிறார்? அவருக்குப் பயன்படாத சலுகை அது. பழைய காரை ஒப்படைத்து, அதைவிடச் சற்றே இளைய சி.என்.ஜி. காரை வாங்கினாலும் அந்தச் சலுகை பொருந்த வேண்டும். மாறாக, பதினைந்து ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியதும், இருபது ஆண்டு கடந்ததற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கியதும் கடைசிக் கையை மேலும் இறுக்குகின்றன.

அதுவரை, வாங்க நினைப்பவர்கள் தங்களைத் தாங்களே காத்துக் கொள்ள வேண்டியதுதான். ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கும் குறைவாக ஓட்டுபவருக்கு டீசல் வேண்டாம் என்பேன். வேண்டும் என்பவர் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும். சூடேற்றி வைத்திருக்கும் காரை நம்ப வேண்டாம். இருக்கை பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தால் வெள்ளத்தின் சேற்றுக் கறை அடிமட்டத்தில் தெரியும். தடையில்லாச் சான்றில் எந்த ஆர்.டி.ஓ.வின் பெயர் இருக்கிறது என்று படிக்கட்டும். வங்கிக் கடன் நீங்கியதா, நிலுவை அபராதம் உண்டா என்பதை எம்-பரிவாகன் செயலியில் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். முழுப் பணத்தையும் பெயர் மாறும் முன் கொடுக்கக் கூடாது.

தாராவி நண்பரின் காருக்குப் பன்னிரண்டு மாதக் கெடு 2026 ஜூலையில் முடிகிறது. குர்லாவில் பழைய என்ஜின் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார். என்ஜினை மாற்றினால் அதன் எண்ணையும் ஆர்.சி.யில் மாற்ற வேண்டும் என்றேன். அதற்கு எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். கார் இன்னும் தில்லிப் பதிவில்தான் இருக்கிறது.